நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை

தாணு சார் இன்னும் ஏசவில்லை.

பிரிஜா அதைக் கவனித்தபோது வெளியே ஐப்பசி மழை பிடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. மெயில் பெட்டியை எத்தனையாவது தடவையாகத் திறக்கிறாள் என்பது அவளுக்கே நினைவில்லை. வாடிக்கையாளர்களுக்கு அவள் ஒரு அறிவிப்பு அனுப்பினால் போதும், அதன் சூடு ஆறும் முன்னே திங்கள்நகர் தாணு சாரிடமிருந்து பதில் வந்து விழும். கல்யாணத் தகவல் இணையதளம் நடத்துகிற மனுஷன். 'பராமரிப்பு' என்ற சொல்லைக் கண்டாலே அவருக்குப் பித்தம் தலைக்கேறிவிடும். எத்தனை கல்யாணம் உங்களால் முடங்கியது தெரியுமா என்று தொடங்கி, பரம்பரையையே இழுத்துத்தான் நிறுத்துவார். இந்த வருஷத்திலேயே பெரிய அறிவிப்பு இன்று மத்தியானம் போயிருக்கிறது. அவரும் பேசவில்லை, வேறு ஒரு ஜீவனும் பேசவில்லை. சனியன் தொலைந்தது என்று சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? இருக்க முடியவில்லை.

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய மாடி அறை அது. கீழே டயர் கடை, அதனால் எந்நேரமும் ரப்பர் வாடை. மழைநாளில் அது ஈரச்சுவரின் பூஞ்சை வாடையோடு சேர்ந்து தொண்டையில் வந்து உட்காரும். கம்பெனி என்றால் ஞானசிங் அண்ணனும் அவளும்தான். வாடகைக்கு சர்வர் விடுகிற தொழில். அதுவும் முழு எந்திரமில்லை. சென்னையில் ஒரு குளிரூட்டிய அறையில் கிடக்கும் பெரிய எந்திரத்தை உள்ளுக்குள் தடுத்துத் தடுத்து, லாட்ஜ் அறை மாதிரி ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். எந்திரத்தை ஞானசிங் அண்ணன் பார்த்துக்கொள்வார். எந்திரம் படுத்துவிட்டால் ஆட்களைப் பார்த்துக்கொள்வது பிரிஜாவின் பாடு.

பழைய எந்திரம் ஒரு மாதமாகவே இருமிக்கொண்டிருந்தது. எல்லாரையும் புதிய எந்திரத்துக்கு மாற்றியாக வேண்டும். இரண்டு ராத்திரியாக அவள் வீட்டிலும் மடிக்கணினி முன்னால்தான் விழித்திருந்தாள். கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் உறுத்தல், பிடரியில் பாறாங்கல். ஒருவழியாக இன்று மத்தியானம் மாற்றம் முடிந்தது, அவளும் எழுதி அனுப்பினாள்: உங்கள் சர்வர் புதிய எந்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மாற்றம் நடந்ததே உங்களுக்குத் தெரியாது. பழைய பிரதி இன்று மாலை அழிக்கப்படும்.

மாற்றுவது என்றால் ஒன்றைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைப்பதில்லை. அச்சு அசலாக இன்னொன்று செய்து, பழையதன் விலாசத்தை அதற்குக் கொடுத்துவிடுவார்கள். ஏதாவது ஏடாகூடமானால் வேண்டுமே என்று பழையதை உடனே அழிப்பதில்லை. வெளித்தொடர்பை மட்டும் அறுத்துவிட்டு ஓட விட்டிருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரு பழைய பிரதிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு கேள்வி அனுப்பும், பதிலுக்குக் காத்துக்கிடக்கும், வராது, மறுபடி அனுப்பும். இது இன்னும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே கிடக்கிறதே என்று அவள் சொன்னதற்கு ஞானசிங் அண்ணன் சிரித்தார்.

"மாத்தியாச்சுண்ணு அதுக்கு எப்பிடித் தெரியும்? தாந்தான் அசல்ணு நெனச்சிட்டுக் கெடக்கும்."

அழித்துவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

இன்று அறிவிப்பை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ராஜி அக்கா கூப்பிட்டாள். பிரிஜாவின் மகள் அபிதாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள், உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றாள். போன கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சல் ஏறித்தான் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. அன்றைக்கும் அவள் இதே நாற்காலியில்தான் இருந்தாள். ராஜி அக்காதான் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள். அப்பன் சுனில் ஷார்ஜாவில் இருந்துகொண்டு போனில் அழுவதைத் தவிர என்ன செய்ய முடியும்? அக்கா போனைப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

"அம்மா, இருட்டும் முன்ன வருவியா?"

"இங்க வேல முடியண்டாமா மக்கா? எனக்கு என்ன, ரெண்டு உடம்பா இருக்கு?"

பிள்ளை சத்தமில்லாமல் அழுதது. ஏழு வயசுக்கு அப்படி அழ எங்கே கற்றுக்கொண்டதோ. இருட்டும் முன்னே கட்டாயம் வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்து போனை வைத்தாள், அறிவிப்பை அனுப்பினாள், ஒரு நிமிஷம் என்று மேஜையில் தலை சாய்த்தாள். கண் அசந்துபோனது.

விழித்ததிலிருந்துதான் எல்லாம் இப்படி இருக்கிறது. ராஜி அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடிக்கவில்லை, 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற அந்தப் பெண்குரல்கூட வரவில்லை. காதில் வெறும் காற்று. கிளம்பிவிட்டேன் என்று அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது. மழை பெய்தால் முதலில் படுப்பது இந்த ஊர் டவர்தான் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஆனால் எதிர் மேஜையில் ஞானசிங் அண்ணனின் போன் அடித்தது. அவர் எடுத்துப் பேசினார். தாணு சார்தான்.

"பதில் போட்டாச்சே சாரே. பிரிஜாதான போட்டா, வீட்டுலயிருந்து," என்றார். "அவ மத்தியானமே போயிட்டா. பிள்ளைக்கு சொகமில்ல."

அவள் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்லிப் பழகிய தொழில், வாடிக்கையாளரைச் சமாளிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். சிரிக்கக்கூடப் பார்த்தாள். அண்ணா, நான் அப்படியென்றால் கிளம்பட்டுமா என்று கேட்டாள். அவர் போனை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவள் முகத்துக்கு நேரே சுவிட்சுக்குக் கையை நீட்டி, அவள் தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியை நிறுத்தினார். ஆளில்லாத இடத்தில் விசிறி ஓடினால் அவருக்குப் பொறுக்காது.

ஆணியில் அவள் பை இல்லை. குடை இல்லை. சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்த சோற்றுப்பாத்திரமும் இல்லை.

படி இறங்கியது அவளுக்கு நினைவில்லை. மேம்பாலத்தின் அடியில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் பஸ் வந்தபோது, நனைந்த சேலையோடும் இன்னதென்று பிடிபடாத பயத்தோடும் ஏறி, ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். டீசல் புகை, ஈரத் துணி, காலி மீன் சருவத்தின் கவிச்சி. தகரக் கூரையில் மழை இடைவிடாமல் கொட்டுகிற சத்தம். நல்லவேளை, பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, பை இல்லாமலும் வீடு போய்ச் சேரலாம். காசில்லாவிட்டாலும் அந்தச் சீட்டைக் கண்டக்டர் கிழித்துக் கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பரிசோதகர் ஏறும்போது அவர் தலை உருளும். அவர் முன் இருக்கைக்காரிக்குக் கொடுத்தார். பின் இருக்கைக்காரிக்குக் கொடுத்தார். நீட்டிய அவள் கை நீட்டியபடியே இருந்தது.

மீன்காரி ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அலுமினியச் சருவத்தை அவள் பாதத்தின் மேலேயே வைத்தாள். அக்கா, கால், கால் என்றாள் பிரிஜா. பிறகு கத்தினாள். மீன்காரி கொட்டாவி விட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சருவம் வலித்தது. மழைச்சத்தம் கேட்டது. கவிச்சி மூக்கில் ஏறியது. எல்லாம் அவளிடம் வந்து சேர்ந்தது. அவளிடமிருந்துதான் எதுவும் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

பஸ் புதுக்கடை தாண்டியபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை அவள் ஏற்கவில்லை. உறக்கமில்லாத மூளை, கண்டதையும் காட்டும் என்று கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் அந்தப் பழைய பிரதி கேள்வி அனுப்பிக்கொண்டே இருந்தது. நான் இங்கே இருக்கிறேன் என்றால், மத்தியானமே வீட்டுக்குப் போனது யார்? காய்ச்சலில் கிடக்கும் என் பிள்ளையின் நெற்றியில் இந்நேரம் யாருடைய கை இருக்கிறது?

தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். கர்த்தாவே, பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும்.

பைங்குளத்தில் இறங்க மணிக்கயிற்றை இழுத்தாள். மணி அடிக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் வேறு யாரோ இறங்கினார்கள், அவர்கள் முதுகோடு ஒட்டி இறங்கித் திரும்பி ஓடினாள். இருட்டிக்கொண்டு வந்தது. தென்னந்தோப்புக்குள் போகும் செம்மண் பாதையில் சேறு கணுக்காலைப் பிடித்து இழுத்தது. தவளைச் சத்தம் இரண்டு பக்கமும். ஒரு நாய் குரைக்க வேண்டிய இடம் அது, தினமும் குரைக்கும். இன்று அது வாலைச் சுருட்டிக்கொண்டு அவளைத் தாண்டி எதையோ பார்த்தது.

வீட்டில் விளக்கு எரிந்தது. வாசலில் அவள் குடை விரித்துக் காயப் போட்டிருந்தது. படியில் அவள் செருப்பு. இடது வார் அறுந்து, ஊக்கு குத்திய செருப்பு. குனிந்து தன் காலைப் பார்த்தாள். இடது வார். ஊக்கு.

கதவைத் தட்டினாள். தட்டுகிற சத்தமே எழவில்லை.

சுக்குக்காப்பி வாசனை வந்தது. உள்ளே யாரோ சிரித்தார்கள். அபிதா. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை சிரிக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். வெளிப்பக்கம் திறந்த பலகைகள், உள்ளே கம்பி. கையை விட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரும்பு சில்லென்றிருந்தது.

பிள்ளை கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய நீல நைட்டியில் ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்து, கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊதி ஊதி. பிரிஜா ஊதுவதுபோலவே, இரண்டு ஊது, உதட்டில் வைத்துப் பார்த்து, பிறகு பிள்ளைக்கு.

அவள் திரும்பினாள்.

கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம். ஆனால் கண்ணுக்குக் கீழே கருப்பு இல்லை. கழுத்து தொய்யவில்லை. நன்றாக உறங்கி எழுந்த முகம். கல்யாணத்துக்குப் பிறகு தன் முகத்தை இப்படி அவள் பார்த்ததே இல்லை. உறங்காத இரண்டு ராத்திரி, பிடரிப் பாறாங்கல், கண் மணல், எல்லாம் இங்கேதான் இருந்தது. இவள் உடம்பில். வெளியே.

"அபிதா," என்றாள். "மக்கா. அம்ம வந்துட்டேன். இருட்டும் முன்ன வந்துட்டேன்."

சாரல் உள்ளே அடித்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு வா என்று அந்த முகம் பிள்ளையிடம் சொன்னது. அவளுடைய குரலில்.

அபிதா கட்டிலை விட்டு இறங்கியது. வந்தது. கம்பிக்கு அருகே நின்றது.

நின்று, பார்த்தது.

நேராக. கண்ணுக்குக் கண். விழித்ததிலிருந்து அவளைப் பார்த்த முதல் ஆள்.

"அம்மா," என்றது பிள்ளை, திரும்பாமல். "வெளிய ஒருத்தி நிக்கா. உன்ன மாதிரி."

நீல நைட்டி எழுந்து வந்து பிள்ளையின் பின்னால் நின்றது. பிரிஜாவைப் பார்த்தது. திடுக்கிடவில்லை. கோபப்படவில்லை. பிள்ளையின் தலைமுடியைக் கோதிவிட்டது.

"பாக்காத மக்கா. பாத்தா அது போவாது."

அபிதா கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. அம்மா சொன்னால் கேட்கிற பிள்ளை.

மூடிய கண்ணோடு கம்பிக்கு வெளியே கையை நீட்டித் துழாவியது. பலகையைப் பிடித்தது. இழுத்தது. ஒரு பலகை. மறு பலகை. வெளிச்சம் ஒடுங்கியது. கோடானது. போனது. பலகைகள் இடைவெளி இல்லாமல் சேர்ந்தன. உள்ளே கொண்டி விழுந்தது.

பிரிஜாவின் மணிக்கட்டு பலகையில் முடிந்திருந்தது. வலிக்கவில்லை. இரத்தம் இல்லை. ஈர மரம், அவ்வளவுதான்.

ஆனால் கம்பியின் குளிர் அவள் விரல்களில் இன்னும் இருந்தது. உள்ளே. அவள் விடவில்லை.

பிறகு ஒரு சின்னக் கை வந்தது. அவளுடைய விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக, பொறுமையாக, பிரித்து எடுத்தது. அந்தக் கையில் துளிக்கூடக் காய்ச்சல் இல்லை.