மாமாவின் லென்ஸ்

அவள் வேலையில் சேர்ந்த அன்று காலையிலிருந்தே மழை. கம்பெனியின் மேல்மாடியில் நீண்ட தாழ்வாரம். அதன் கடைசி அறை லென்ஸ் வடிவமைப்பாளருக்கு. ஒரே ஜன்னல், அதுவும் எதிர்க்கட்டடத்தின் ஈரச்சுவரைப் பார்த்தபடி. மேசை, கம்ப்யூட்டர், கைப்பிடி தேய்ந்த நாற்காலி. கீழே கண்ணாடிகளை மெருகேற்றும் இயந்திரங்களின் உறுமல் தரை வழியாகக் காலில் ஏறியது.

அறைக்குள் தலைவலித் தைல வாசனை.

"யாருக்குக்கா தலைவலி?" என்று சாவி கொடுக்க வந்த சோதனை அறை அக்காவிடம் கேட்டாள்.

அக்கா வாசலைத் தாண்டவில்லை. "மாமா தடவுவாரு," என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தடவிட்டிருந்தாரு."

ஆபீஸ் முழுக்க மாமா என்று கூப்பிட்ட பழைய வடிவமைப்பாளர் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தார். அவருக்குப் பின் வந்த இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள்.

மாமா கடைசியாகச் செய்தது, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவுக்கான லென்ஸ். நடுப்பகுதியை அது அப்படியே அள்ளிக் கொடுக்கும். ஓரம் மட்டும் கலங்கிவிடும். டாக்டர்கள் எத்தனையோ முறை சொல்லியும் ஒரு வளைவைக்கூட மாற்ற அவர் சம்மதிக்கவில்லை.

அவளுடைய தங்கை மகன் குறைமாதத்தில் பிறந்தவன். அப்படிப் பிறக்கும் குழந்தைகளின் பார்வையைப் பறிக்கும் நோய் விழித்திரையின் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். அவனுக்கு எடுத்த படத்தில் நடு சுத்தமாக இருந்தது; வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று அவன் 'பெரியம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டே கைகளை நீட்டி அவளைத் தேடுகிறான். அந்தப் படத்தை எடுத்தது இந்தக் கேமரா என்று தெரிந்துகொண்டுதான் இந்த வேலைக்கு மனுப் போட்டாள்.

மென்பொருளைத் திறந்தாள். அது ஒவ்வொரு கண்ணாடியின் வளைவையும் தடிமனையும் இடைவெளியையும் இம்மி இம்மியாக மாற்றி, ஒளி எங்கே போய் விழுகிறது என்று பார்த்து, மொத்தப் பிழையையும் ஒரே எண்ணாகக் காட்டும். எண் குறையக் குறைய லென்ஸ் நன்றாகிறது. படத்தின் எந்தப் பகுதி எவ்வளவு முக்கியம் என்பதை மட்டும் மனிதர்தான் சொல்ல வேண்டும். ஓரத்துக்கான கட்டத்தில் மாமா பூஜ்யம் போட்டிருந்தார்.

அவள் அதைப் பத்தாக்கி ஓடவிட்டாள். எண் மளமளவென்று இறங்கி நின்றது.

திரையில் மாமாவின் லென்ஸ். அதே வளைவுகள். ஓரத்தின் கட்டத்தில் பூஜ்யம்.

மீண்டும் பத்து. மீண்டும் அதே லென்ஸ்.

மென்பொருள் சில சமயம் பாதி வழியில் ஒரு பள்ளத்தில் விழுந்து, அதுதான் அடிவாரம் என்று நினைத்துப் பழைய விடையிலேயே நின்றுவிடும். அது சகஜம். ஆனால் நாம் கொடுத்த எண்ணை அது தானாக அழிக்காது.

மத்தியானம் மேனேஜர் எட்டிப்பார்த்தார். "அப்படியே விட்டுரும்மா. முன்னாடி வந்தவங்களும் இதத்தான் தொட்டாங்க. உனக்கெதுக்கு வம்பு?"

"வம்புக்குத்தான் சார் வந்திருக்கேன்."

அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனதும் மழை வலுத்தது. ஜன்னல் கறுத்தது. கீழே இயந்திரங்களின் உறுமல் சட்டென்று நின்றது. தைல வாசனை மூக்கை எரித்தது.

அவள் எல்லாக் கண்ணாடிகளின் வளைவுகளையும் அழித்து, ஜன்னல் கண்ணாடி மாதிரித் தட்டையாக்கினாள். அடியிலிருந்து புதிதாகத் தொடங்கலாம்.

பின்கழுத்தில் மூச்சுப் பட்டது.

அவள் திரும்பவில்லை.

மவுஸின் மேலிருந்த அவள் கைமேல் இன்னொரு கை படிந்தது. ஈரத்துணி போல, கனமாக, ஜில்லென்று.

"தொடாதம்மா..."

காதுக்குள் கேட்ட குரலில் கோபமில்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"என் லென்ஸ்..."

"உங்க லென்ஸ்தான் மாமா," என்றாள். "ஆனா எங்க பையனோட கண்ணு."

பிடி இறுகியது. விரல் எலும்புகள் ஒன்றோடொன்று நசுங்கின. இடது கையால் பத்து என்று அடித்தாள்.

பூஜ்யமானது.

பத்து.

பூஜ்யம்.

"அழிங்க," என்றாள். கண்ணில் நீர் முட்டியது. வலியா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. "எத்தன தடவ வேணாலும் அழிங்க. நான் நாளைக்கும் வருவேன். அடுத்த வருஷமும் வருவேன். நடுவுல எல்லாம் அழகாத்தான் இருந்துச்சு மாமா. ஓரத்துலதான் பிள்ளைக்குக் கண்ணு போச்சு. அத நீங்க பாக்கல. பாக்க வேணாம்னு பூஜ்யம் போட்டீங்க."

அறையில் மழைச் சத்தம்கூட இல்லை.

நூறு என்று அடித்து ஓடவிட்டாள்.

எண் ஏறியது. பிழை மலையாகக் குவிந்தது. கோடுகள் தாறுமாறாகச் சிதறின. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மெதுவாக, மிக மெதுவாக, எண் இறங்கத் தொடங்கியது. மாமாவின் எண்ணைத் தாண்டியும் இறங்கியது.

கை விலகியது. கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அது மேனேஜர் சாத்திவிட்டுப் போனபடியே சாத்தியிருந்தது.

திரையில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு லென்ஸ். ஓரம்வரை தெளிவு. அவள் புறங்கையில் நான்கு விரல்களின் நீலத் தடங்கள்.

லென்ஸ் தயாராகி, சோதனை முடிந்து, கேமரா ஆஸ்பத்திரிக்குப் போனது. ஒரு முற்பகலில் டாக்டர் போனில் அழைத்தார். "ஓரத்துல நோய் ஆரம்பிச்சிருக்கிறது தெரியுதும்மா! இப்பவே லேசர் வெச்சா இந்தக் குழந்தைங்க பார்வை தப்பிச்சிரும். இந்த இடத்த நாங்க இதுவரைக்கும் பாத்ததே இல்ல. படங்கள அனுப்பியிருக்கேன், நீயே பாரு."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதல் படத்தைத் திறந்தாள்.

செம்மஞ்சள் விழித்திரை. மெல்லிய ரத்தக்குழாய்கள் வேர்களைப் போலப் பரவி, ஓரத்தில் நின்றிருந்தன.

அவை முடியும் இடத்தில் ஓர் ஆள் நின்றிருந்தார்.

கைகளைக் கட்டிக்கொண்டு, நேராக அவர்களைப் பார்த்தபடி.

அக்காவின் நகங்கள் அவள் தோளில் பதிந்தன. "மாமா... மூடிரும்மா, மூடிரு."

"மூட மாட்டேன்க்கா. பாக்கத்தானே இதச் செஞ்சோம்."

இரண்டாவது படம். வேறொரு குழந்தையின் கண். அதிலும் அவர். ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே வந்திருந்தார்.

அவள் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "வாங்க மாமா," என்றாள். "நானும் இங்கதான் இருக்கேன்."

மூன்றாவது படத்தைத் திறந்தாள்.

அவர் நடுவுக்கு வந்துவிட்டிருந்தார்.