பதினேழாம் எண் ரத்தம்

களியை விண்டு சாற்றில் தோய்த்து வாயில் வைத்ததும் சென்னப்பன் முகம் சுளித்தார்.

"என்ன மே, இன்னிக்கும் உப்பு போடலயா?"

அவர் மனைவி முனிலட்சுமி இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றினாள். சென்னப்பனின் அக்கா செல்லிதான் பேசினாள். "உழைக்கிறவனுக்கு உப்புக்குக் கூடவா பஞ்சம்? மக பெங்களூர்ல பெரிய படிப்பு படிக்குதுன்னு இவளுக்குத் திமிரு."

"விடுக்கா," என்று சிரித்துக் கை கழுவிக்கொண்டு அவர் ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறினார். பத்து மணிக்குப் போன் வந்தது. இயந்திரத்தின் பக்கத்தில் சாய்ந்தவர் எழவே இல்லை.

"உப்பில்லாத சோறு போட்டே என் தம்பிய அனுப்பிட்டா..." காரியம் முடியும்வரை செல்லி வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொன்னாள். முனிலட்சுமி கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்கினாள்.

பதினேழாம் நாள் மகள் வினோதா, "நான் திரும்பிப் போகல அம்மா. படிப்ப விட்டுடறன்," என்றாள்.

கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. முதல் வருடம், ஆங்கிலம் புரியவில்லை என்று அழுத பெண் அவள். சென்னப்பன் மூன்று நாள் லீவு போட்டுக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விட்டார். சேலத்தில் எம்.எஸ்சி. முடித்து, உதவித்தொகைத் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினாள். குவாரியில் கல் உடைப்பவர்களுக்குச் சிறுநீரகம் கெடுகிறதா என்பது அவள் ஆராய்ச்சி. நான்கு வருடமாகிவிட்டது, ஆய்வேட்டை எழுதுவதுதான் பாக்கி.

"குவாரிக்காரங்க ரத்தத்தோட ஒப்பிட, நோய் இல்லாத நாப்பது பேருகிட்ட ரத்தம் எடுத்தோம். அப்பாவும் வந்து குடுத்தாரு இல்ல? டப்பாவுல பேரு இருக்காது, நம்பர்தான். பதினேழாம் நம்பர் சிறுநீரகம் கெட்டவங்க ரத்தம் மாதிரி இருந்துச்சு. நமக்கு ஆகாதுன்னு நான்தான் தள்ளி வெச்சன். யாருன்னு கேக்கணும்னு தோணவே இல்ல... அப்பாவோட ஆஸ்பத்திரி சீட்டுல சிறுநீரகம்னு இருந்தத பாத்துட்டு, பேர்ப் பட்டியல நேத்துதான் எங்க சார்கிட்ட கேட்டு வாங்கினன். அது அப்பா."

முனிலட்சுமி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பேசாமல் இருந்தால் மகள் இந்தப் பழியைச் சுமந்தபடி வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள். பேசினால் தன் முகத்தில் இனி விழிக்கவே மாட்டாள்.

"அவருக்குத் தெரியும் கண்ணு," என்றாள். "ஆடி மாசமே டாக்டர் சொல்லிட்டாரு. உப்ப நிறுத்துன்னாரு, உங்க அத்தைக்குத் தெரியக் கூடாதுன்னுதான் தினமும் உப்பில்லன்னு கேட்டாரு. மிஷின் வெச்சு ரத்தத்த சுத்தம் பண்ணணும்னாரு, இவரு போகல. 'வினோதாவுக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துடும், அது எழுதி முடிக்கட்டும்'னு சாமி முன்னால என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. நீ ரத்தம் கேட்டப்ப, 'வரலன்னா சந்தேகப்படும். நம்பர்தானாம், பேரு தெரியாது'ன்னு சிரிச்சுக்கிட்டே கிளம்புனாரு."

"நோய் இல்லன்னு கையெழுத்துப் போட்டாரே அம்மா."

"போட்டாரு."

"நீயும் சொல்லலையே. நான் படிக்கறதே அதத்தானே."

"உன் படிப்பு நின்னிருக்கும்."

"அப்பா இருந்திருப்பாரு."



வாசற்படியில் முறத்தோடு நின்ற செல்லி, மெல்ல வந்து முனிலட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஊரு முன்னால உன்ன அந்தப் பேச்சுப் பேசினனே முனி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இவ காதுல விழுந்திருக்கும் அண்ணி."

செல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வினோதா எழுந்து வாசல்வரை போனாள். பிறகு வந்து தாயின் தோளில் முகம் புதைத்தாள். அது மன்னிப்புதானா என்று முனிலட்சுமி கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

"அப்பாவோட ரத்தத்த உன் கணக்குல திரும்பச் சேக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"முடியாது அம்மா. நோய் இல்லாதவங்கதான் அதுல வரணும்."

"சரி. மத்த முப்பத்தொம்பது பேரு கைய நீட்டினாங்களே, அவங்களுக்கு என்ன பதில் சொல்லுவ?"

வெள்ளிக்கிழமை வினோதா பெங்களூருக்குக் கிளம்பினாள். பையைச் செல்லி தூக்கி வந்தாள். குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு ஏற்றி வந்த டெம்போக்கள் வழியை அடைத்து நின்றதால், ஓசூர் பஸ் இருபது நிமிடம் தாமதமாக வந்தது. வெள்ளிக்கிழமைகளில் அது எப்போதும் அப்படித்தான் வரும்.