மீசை திரும்பிய பக்கம்

வாடகை வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம். மூட்டை முடிச்சுகளை இன்னும் பிரித்தபாடில்லை. தையல் மெஷினை மட்டும் ஜன்னலோரம் போட்டிருந்தாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். கைக்குழந்தை கட்டிலில் தூங்கியது. மூலையில் யாரோ விட்டுப்போன நாற்காலியின் முதுகில் அந்தப் பூச்சி உட்கார்ந்திருந்தது. இரண்டு உள்ளங்கை அகலம். இறக்கை நுனியில் அசல் பாம்புத் தலை.

அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். படம் எடுத்து, கல்லூரியில் பூச்சியியல் நடத்தும் நாத்தனாருக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“கடிக்குமா அண்ணி?”

“அந்துப்பூச்சிம்மா அது. கடிக்க வாயே கிடையாது. புழுவா இருந்தப்ப தின்னதை வெச்சு ஒரு வாரம் ஓட்டும், அவ்ளோதான். பாம்பு வேஷம் பறவைய ஏமாத்துறதுக்கு. நீயும் ஏமாந்துட்ட!” நாத்தனார் சிரித்தாள். “மீசை சீப்பு மாதிரி அகலமா இருக்கு பாரு, அப்ப ஆண். பொண்ணு ஒரே இடத்துல உக்காந்து வாசனை விடும். ஐயா அந்த மீசையால மோப்பம் பிடிச்சு மைல் கணக்கா தேடி வருவாரு.”

பேசும்போதே ஜன்னல் வழியாக இன்னும் நான்கைந்து வந்து நாற்காலியில் அமர்ந்தன.

“எல்லாத்துக்கும் சீப்பு மீசை, அண்ணி.”

“அப்ப பொண்ணு அங்கதான் இருக்கு. மீசை திரும்பின பக்கம் தேடு.”

தேடினாள். எல்லா மீசைகளும் நாற்காலியின் காலி இருக்கையை நோக்கியிருந்தன. அங்கே எதுவும் இல்லை. காய்ந்த இலையின் வாடை மட்டும் லேசாக வந்தது.

பூச்சிகள் ஒன்றாக எழும்பின.

தையல் மெஷின்மேல் உட்கார்ந்தன. மறுபடி எழும்பின. சுவர். அலமாரி.

யாரோ நடக்க, பின்னாலேயே போவதுபோல்.

“பொண்ணு இடம் மாறுமா அண்ணி?” அவள் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“மாறாதே. ஏன் கேக்கற?”

பூச்சிகள் கட்டில் விளிம்பில் இறங்கின. மீசைகள் குழந்தையின் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை நோக்கித் திரும்பின.

அங்கே மெத்தை மெல்ல அமுங்கியது.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். தெருவிளக்கின் கீழே வந்துதான் நின்றாள். போன் கையிலேயே இருந்தது. பிள்ளை கைக்கு வந்துவிட்டது என்ற நினைப்பில் அழுகை பீறிட்டது.

“வெளிய வந்துட்டோம் அண்ணி. பூச்சியும் பின்னாலயே வருது.”

“வெளிச்சத்தைப் பார்த்தா அங்க போயிடும். பயப்படாதே.”

பூச்சிகள் விளக்கைச் சீண்டவில்லை. அதைத் தாண்டித் தாழ்ந்து வந்து, அவளுக்கு இடப்பக்கத்தில், அவள் தோள் உயரத்தில் வட்டமிட்டன.

குழந்தை விழித்துக்கொண்டது. அந்த வட்டத்தின் நடுவே பார்த்துச் சிரித்தது.

தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது.