திரையில் மூச்சிரைத்த சுகிர்தா

மாலை ஏழு மணிக்கு எங்கள் குடியிருப்பில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள். எட்டாவது மாடி சுகிர்தாவின் ஃபிரிட்ஜை இன்றைக்குத் திறந்துவிடலாமா வேண்டாமா என்று எல்லோரும் திரைச்சுவர் முன்னால் உட்கார்ந்து வாக்களிக்கிற நேரம் அது. வெண்டைக்காய்க்குத் திறக்கும். தயிருக்கு ஓட்டு இழுபறியாகும். போன வாரம் இட்லி மாவுக்கு மொத்தக் கட்டடமும் 'வேண்டாம்' போட்டது. அப்படிப் போட்டவர்களில் பாதிப் பேர் வீட்டில் அன்றைக்குப் பரோட்டா. சுகிர்தாவின் எதிர் வீட்டுக்காரி நான், எனக்கு வாசனை தெரியாதா?

'கரைந்து காட்டு' நிகழ்ச்சியில் சேர விண்ணப்பமெல்லாம் கிடையாது. எடைக்கோட்டைத் தாண்டினால் போதும், அந்தக் குடியிருப்பின் போட்டியாளர் நீங்கள்தான். லிஃப்டில் ஏறினால், "படிகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன, வாழ்த்துகள்" என்று தேன் குரலில் சொல்லிவிட்டு அப்படியே நிற்கும். சுகிர்தாவும் அதற்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் படியேறிவிடுவாள்.

அவள் கரைக்காவலில் மீட்பு நீச்சல்காரி. திருவான்மியூர்க் கடலில் அலை இழுத்துப் போகிறவர்களைத் திரும்ப இழுத்து வருகிற வேலை. அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி எட்டு மாடி ஏறுவாள். இதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு நான் உள்ளே ஓடிப்போய்த் திரையைப் பார்ப்பேன். அங்கே அதே சுகிர்தா மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "என்னால முடியல" என்று அழுதுகொண்டிருப்பாள். பின்னணியில் வயலின் வேறு.

உருத்திருத்தி செய்கிற வேலை இது. ஓடுகிற காட்சியை ஓடும்போதே மாற்றிவிடும் மென்பொருள். போட்டியாளருக்கு மூச்சிரைப்பையும் கண்ணீரையும் சேர்க்கும். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கொஞ்சம் தொப்பையைக் குறைத்து, கொஞ்சம் கருணையைப் பூசிவிடும். திரையில் நான் சுகிர்தாவுக்குத் தண்ணீர் கொடுத்த காட்சியில் எனக்குப் பத்து வயது குறைந்திருந்தது. குறை சொல்ல மனசு வருமா?

மற்றவர்களுக்கு இந்த வித்தியாசமே தெரியாது. அவர்கள் நாகரிகமானவர்கள், கதவிடுக்கில் பார்ப்பதில்லை.

ஐப்பசி மழையில் அடித்தளக் கார் நிறுத்தத்துக்குள் வெள்ளம் புகுந்தது. எங்கள் சங்கச் செயலாளர் ஆத்மநாதன், எழுபது வயசு, புதுக் காரைக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளே போய் மாட்டிக்கொண்டார். கார் இறங்கும் சரிவில் நின்று எல்லோரும் கத்துகிறோம். "சுகிர்தாவைக் கூப்பிடுங்க" என்றேன்.

"சும்மா இருங்கக்கா, ரெண்டு மாடி ஏறவே அழுவுறாங்க. அப்புறம் அவங்களையும் நாமதான் தூக்கணும்" என்றார் ஒருவர். கூட்டமே தலையாட்டியது.

கூப்பிடாமலேயே அவள் வந்தாள். எல்லோரையும் ஒரு தள்ளு தள்ளிவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் செயலாளரைக் கொண்டுவந்து சரிவில் போட்டு, முதுகில் தட்டி, குடித்த தண்ணீரையெல்லாம் வெளியே எடுத்தாள். அத்தனை பேரும் பார்த்தோம்.

அன்று மாலை எல்லோரும் கூடியிருந்த பொதுக்கூடத்துத் திரையில் ஆத்மநாதன் சுகிர்தாவை வெள்ளத்திலிருந்து இழுத்து வந்தார். புஜம் வேறு புடைத்திருந்தது. கட்டடம் கைதட்டியது. செயலாளர் முதலில் வாயைத் திறந்தார், அப்புறம் மூடினார், அப்புறம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இரண்டு நாள் கழித்துப் பால்காரரிடம், "நல்லவேளை, நான் அந்தப் பக்கம் போனேன்" என்று அவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். பொய் சொன்ன முகமில்லை அது. நம்பிய முகம். சரிவில் நின்றவர்களும் அப்படித்தான், தாங்கள் திரையில் பார்த்ததைத்தான் நேரில் பார்த்ததாகச் சொன்னார்கள்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நிகழ்ச்சிப் பதிவுதான் இப்போது உடல்தகுதிச் சான்று. தன்னையே காப்பாற்றிக்கொள்ள முடியாதவருக்கு மீட்பு உரிமம் எதற்கு என்று கரைக்காவல் கேட்டது. காட்சியில் இருக்கும் இன்னொருவர் நேரில் மறுத்தால் ஒழிய, அவள் வேலை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பொதுக்கூடத்தில் விசாரணை. கரைக்காவலிலிருந்து ஃபர்சானா என்ற அதிகாரி வந்திருந்தார். நான் முதல் ஆளாக எழுந்தேன்.

"நீங்க அந்த வெள்ளக் காட்சியில இல்லையேம்மா. நீங்க சொல்றது வம்புக் கணக்குல வரும்."

"வம்புதான் மேடம். ஆனா நேர்ல பார்த்த வம்பு."

அவர் சிரித்துவிட்டு, ஆத்மநாதன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். யார் யாரைக் காப்பாத்தினது?"

செயலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "எனக்கு ஒரே மயக்கமா இருந்தது... அதான் எல்லாருமே பார்த்தாங்களே, திரையில வந்ததுதானே..."

சுகிர்தா அழுவாள் என்று நினைத்தேன். அவளோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அவரிடம் வந்தாள். "அங்கிள், கழுத்தைப் பிடிச்சுக்கோங்க."

"எதுக்கும்மா?"

அவள் அவரை அலாக்காகத் தூக்கினாள். கூடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். மூச்சில் ஒரு மாற்றமில்லை. போட்டியாளர் இருக்கும் இடமெல்லாம் நிகழ்ச்சியின் கண்ணும் இருக்கும் அல்லவா? கூடத்துத் திரைச்சுவர் தானாக விழித்துக்கொண்டது. அதில் ஆத்மநாதன், கறுத்த மீசையோடு, நெஞ்சை நிமிர்த்தி, அழுகிற சுகிர்தாவைக் கையில் ஏந்தி நடந்தார். வயலின் தொடங்கியது.

நேரில் ஒன்று, சுவரில் ஒன்று, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். யாரும் இதுவரை இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

செயலாளரின் மனைவி திலகவதிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏங்க, தண்ணி கேனைத் தூக்கி வைங்கன்னா இடுப்புப் பிடிச்சிருக்குன்னு படுத்துக்குவீங்க!"

சிரிப்பு கிளம்பியது. பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்து, ஃபர்சானாவையும் தொற்றிக்கொண்டது. சுகிர்தாவும் சிரித்தாள். அவள் சிரித்தபோது அவள் கைகளில் இருந்த செயலாளர் மேலும் கீழும் குலுங்கினார்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மீசையையும் அந்தப் புஜத்தையும் விட்டுப் பிரிவது அவருக்கு அவ்வளவு சுலபமாக இல்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. இத்தனை மாதமாக நாங்கள் எல்லோருமே அதே இடத்தில்தான் நின்றோம். அவளை அழவைத்த சுவர்தான் எங்களை அழகாகக் காட்டியது.

"போதும் அங்கிள், இறக்கி விடவா?" என்றாள் சுகிர்தா.

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார்.

"இரும்மா, இறக்காதே. இறங்கினா எனக்கு மறுபடி மறந்துடும்" என்றார். "மேடம், எழுதிக்கோங்க. அன்னிக்கும் இவதான் என்னைத் தூக்கினா."