கல்லை வெயிலில் வைப்பேன்

காலை மணி ஒன்பது இருபது.

ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போன கல்லக்கா அலறிய அலறலில், பக்கத்து சலூனில் பாதி முகம் மழித்திருந்த ஆள் மீதிப் பாதி நுரையோடு ஓடி வந்தார்.

தரையில் பிணம் எதுவும் இல்லை.

மேஜைமேல் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம். கிண்ணத்தில் தண்ணீர். தண்ணீரில்...

ஒன்றுமே இல்லை.

"தூக்கிட்டாங்க..." நாற்காலியில் சரிந்தாள் கல்லக்கா. "என் புள்ளையத் தூக்கிட்டாங்க."

நுரைக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. போலீஸுக்குப் போன் போட்டு, குழந்தைக் கடத்தல் என்று சொல்லிவிட்டார்.

பத்தே நிமிடம். ஜீப் வந்தது. இரண்டு கான்ஸ்டபிள்களோடு பெண் இன்ஸ்பெக்டர் குதித்து இறங்கினாள். நோட்டைத் திறந்தாள்.

"குழந்தைக்கு என்ன வயசு?"

"கோடி வருஷம் இருக்கும் மேடம்."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினாள். கல்லக்காவின் கண்ணீரைப் பார்த்தாள். மறுபடி திறந்தாள்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. காணாமல் போனது ஒரு அக்வாமரைன். கைப்பிடி அளவுக் கடல்நீலக் கல். மனநிம்மதிக்கு, தைரியத்துக்கு, தூக்கத்துக்கு என்று கல் விற்கும் அந்தக் கடையில், விற்பனைக்கு இல்லாத ஒரே கல் அதுதான். பதினோரு வருடம் முன்னால், கையில் கிடந்த வளையல்களைக் கழற்றிக் கொடுத்து ஒரு கண்காட்சியில் வாங்கியது. அலையில் போகிறவனுக்குத் துணை, கொதிக்கிற மனதுக்குக் குளிர்ச்சி, அடைத்த தொண்டைக்குத் திறப்பு... அந்தக் கல்லைக் கையில் வைத்திருக்கிறவர்கள் வாயிலிருந்து உண்மை தானாக வரும் என்றாள் கல்லக்கா.

"எங்க ஸ்டேஷனுக்கு ஒண்ணு வேணும்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

பிறகு பூட்டைப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். இரண்டு சாவிகளும் கல்லக்காவின் இடுப்பிலேயே இருந்தன.

அப்போதுதான் போன் அடித்தது.

நம்பர் தெரியவில்லை. ஸ்பீக்கரில் போடச் சொல்லி ஜாடை காட்டினாள் இன்ஸ்பெக்டர்.

"கல்லு எங்கிட்ட இருக்கு." வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசும் ஆண் குரல். "போலீஸ், கீலீஸ்னு போனீங்க... கல்லைக் கொண்டுபோய் வெயில்ல வச்சிடுவேன்."

கல்லக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் கிடந்தால் நிறம் வெளுக்கும் என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொல்லிச் சொல்லியே வயதானவள் அவள்.

"வேண்டாங்க, நிழல்லயே இருக்கட்டும். உப்புத் தண்ணியில போட்டுடாதீங்க. வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு சோப்பு, மெத்துனு ஒரு துணி, அவ்வளவுதான். நிலா வெளிச்சம் பட்டா ரொம்ப நல்லது. வேற கல்லோட சேத்து வைக்காதீங்க, கீறிடும்..."

மறுமுனையில் இழுப்பறை திறக்கும் சத்தம். பேனா உருளும் சத்தம்.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. எழுதிக்கறேன்."

பதினான்கு வருட சர்வீஸில், கடத்தினவன் டிக்டேஷன் எடுப்பதை இன்ஸ்பெக்டர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள்.

என்ன வேண்டும் என்பதை நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவன் லைனைத் துண்டித்தான்.

கல்லக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கடையைச் சாத்தவும் இல்லை. காலிக் கிண்ணத்துத் தண்ணீரை மூன்று தடவை மாற்றினாள்.

மறுநாள், சொன்ன நேரத்துக்குப் போன் வந்தது. அவன் கேட்டது பணமில்லை.

"பேச வைக்கறதுக்குக் கல்லு வச்சிருக்கீங்கல்ல... பேச்சை நிறுத்தறதுக்கு ஒரு கல்லு குடுங்க. அதைக் குடுத்தா இதைக் குடுத்துடறேன்."

அவன் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல். பெண் குரல். கமா, முற்றுப்புள்ளி எதுவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"...குழாய் ஒழுகுதுன்னு நாலு நாளா சொல்றேன் ஊர்ல இருக்கற பூட்டையெல்லாம் திறக்கறீங்க இந்த ஒரு குழாயை மூடத் தெரியலையே..."

டக். லைன் போய்விட்டது.

"இந்தக் குரலை எனக்குத் தெரியும் மேடம்," என்றாள் கல்லக்கா மெதுவாக. "மூணு மாசத்துக்கு முன்னாடி இந்தக் குரலே கிடையாது."

அந்தப் பெண் பூட்டுக்காரரின் மனைவி. கல்லக்காவின் கடை ஷட்டருக்குப் போன வருடம் பூட்டுப் போட்டுக் கொடுத்த அதே பூட்டுக்காரர். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவள் வீட்டில் அதிகம் சொன்ன வார்த்தை 'சரி'. தலைவலிக்குக் கல் கேட்டுத்தான் முதலில் வந்தாள். வாங்க வசதியில்லை என்றதும் கல்லக்கா அந்தக் கடல்நீலக் கல்லையே அவள் கையில் கொடுத்து, மனதில் இருப்பதைச் சொல்லச் சொன்னாள். முதல் வாரம் அழுதாள். இரண்டாவது வாரம் இரண்டு வாக்கியம் பேசினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அரை மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம்.

கல்லக்காவையும் ஏற்றிக்கொண்டு ஜீப் பூட்டுக்காரரின் வீட்டு வாசலில் போய் நின்றபோது கதவைத் திறந்தவள் அவள்தான். அவளுக்கு எதுவும் தெரியாது.

பூட்டுக்காரர் மட்டும் போலீஸைப் பார்த்ததும் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

ஜன்னலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. வெதுவெதுப்பான தண்ணீர். ஜன்னலில் வெயில் படாமல் கனமான துண்டு. பக்கத்தில் மெத்தென்று ஒரு துணி, நான்காக மடித்து. தொட்டிக்குள் கடல்நீலக் கல், சொகுசாக.

கல்லக்கா அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில், கூடவே வந்து உட்கார்ந்திருந்த மனைவியின் எதிரிலேயே, பூட்டுக்காரர் ஒன்றையும் மறைக்கவில்லை. பூட்டு மாட்டின அன்றைக்கே ஒரு சாவி கூடுதலாகச் செய்து வைத்திருந்தாராம். தொலைந்தால் உதவுமே என்று. குழாய், கூரை, நாத்தனார் என்று மனைவி எதைக் கேட்டாலும் தாங்கிக்கொண்டவரால் ஒரு கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. அவளுடைய தையல் மெஷின் எங்கே என்ற கேள்வி. ஆறு வருடம் முன்னால் அவளைக் கேட்காமலேயே அதைத் தன் தங்கைக்குக் கொடுத்திருந்தார். தங்கை அதை விற்றே விட்டாள். ரிப்பேரில் இருக்கிறது என்று ஆறு வருடமாகச் சொல்லி வந்தவருக்கு, இப்போது தினமும் மூன்று வேளை அந்தக் கேள்வி.

"பொய் சொல்ல முடியலை, நிஜத்தைச் சொல்லவும் வாய் வரலை மேடம். அந்தக் கல்லு இல்லைன்னா பழையபடி ஆயிடுவான்னு நினைச்சேன்."

எஃப்.ஐ.ஆரில் கல்லின் மதிப்பை எழுத வேண்டும். நகை மதிப்பீட்டாளர் வந்தார். லென்ஸைக் கண்ணில் வைத்துக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளக்கில் காட்டினார். தொண்டையைக் கனைத்தார்.

"உள்ள காத்துக் குமிழியா இருக்கு மேடம். கல்லுல இப்படி வராது."

"அப்ப இது?"

"கண்ணாடி. நல்ல கண்ணாடி."

கல்லக்கா அதை வாங்கி, தானும் விளக்கில் பிடித்துப் பார்த்தாள். பதினோரு வருடம். எத்தனை பேர் கையில் கொடுத்திருப்பாள்...

"எல்லாரையும் ஏமாத்திட்டேனா?" என்றாள். கண் நிரம்பியது.

பூட்டுக்காரரின் மனைவி எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"அழாதீங்கக்கா. கையில குடுத்தது எதுவா வேணா இருக்கட்டும். எதிர்ல உக்காந்து நான் சொன்னதை முழுசா கேட்டீங்கல்ல? எங்க வீட்ல ஒரு ஆளு அதைச் செஞ்சதில்லை."

பூட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். புது மெஷின் வாங்கித் தருகிறேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு திடீரென்று ஏதோ தோன்றி நிமிர்ந்தார். முகத்தில் நம்பிக்கை.

"வெறும் கண்ணாடின்னா... இனிமே பேச்சு நின்னுடும்ல?"

மனைவி அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"இத்தனை நாளும் கல்லோட தயவுல பேசறோமேன்னு அளந்துதான் பேசிட்டிருந்தேன். எல்லாம் என் சொந்தப் பேச்சுன்னு இப்பத்தானே தெரியுது."

கல்லக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகார் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் திருட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு எச்சரிக்கையோடு அவரைக் கிளம்பச் சொன்னாள்.

பூட்டுக்காரர் கிளம்பவில்லை. லாக்கப்பின் கம்பியை, தொழில்முறைப் பாசத்தோடு பிடித்துக்கொண்டார்.

"மேடம்... திறந்தது தப்புதானே? ஒரு ரெண்டு நாளாவது உள்ள வைக்கக் கூடாதா?"

"தாராளமா வைங்க மேடம்," என்றாள் மனைவி, அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து. "பார்க்க வர்றவங்களுக்கு எத்தனை மணி வரைக்கும் டைம்?"