நீர்க்கோட்டுக்குக் கீழே

குளியலறைத் தொட்டியில் மிதந்த இழுவைக் கப்பல் அன்று காலை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. நீர்மட்டம் எங்கே நிற்க வேண்டும் என்று சாரங்கபாணி அதன் உடலில் பூசியிருந்த சிவப்புக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது.

முழ நீளக் கப்பல். விசாகப்பட்டினத்தில் கவிழ்ந்த இழுவைக் கப்பலின் அச்சு அசல் மாதிரி. அதன் எஞ்சின் அறையில்தான் அவருக்கும் மனைவி கிரிஜாவுக்கும் பிறந்த மகன் வாசுவும் இன்னும் சிலரும் மாட்டிக்கொண்டார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. தான் வேலை பார்த்த குஷாய்குடா தொழிற்சாலையில் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ வரைபடம் வாங்கி வந்து சாரங்கபாணி இதைத் தொடங்கினார். மேல்தளத்தை ஒட்டிவிட்டால் யார் கண்ணுக்கும் படாத குழாய்களைக்கூட விடவில்லை. எஞ்சின் அறை மூடிக்கு வெளியே மட்டும் தாழ் வைத்தார்.

"உள்ளேயும் ஒண்ணு வைங்களேன்," என்றாள் கிரிஜா.

"அசல்ல இல்லையே. மாத்தினா அவனுக்கு அடையாளம் தெரியாது."

பிள்ளையைக் கொடுத்தாயிற்று. இவரையாவது திரும்ப ஃபேக்டரி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். அது போதும் அவளுக்கு.

பக்கத்து வீட்டு எலிசபெத் குடத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்குக்கா. காலனில குடிக்கத் தண்ணி இல்ல, உங்க வீட்டுல கப்பல் ஓடுது."

கிரிஜா சிரித்தாள். சிரித்து வெகுநாளாகியிருந்தது.

கப்பல் கோட்டில் நிற்பதற்காக அதன் முன்னறையில் சாரங்கபாணி ஈயக் குண்டுகள் போட்டிருந்தார். சிலவற்றை எடுத்தார். மறுநாள் இன்னும் தாழ்ந்தது. தூக்கிக் குலுக்கினார், உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லாக் குண்டுகளையும் எடுத்த பிறகும் தாழ்ந்தது.

"ஏறிட்டு இருக்காங்க," என்றார், அமைதியாக.

ஞாயிறு மதியம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போயிற்று. அவர் கூடத்தில் கண்ணயர்ந்திருக்க, கிரிஜா அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். உடைத்துவிட்டால் இவர் மீண்டுவிடுவார். உள்ளே டீசல் வாடையும், வீட்டுக் குழாயில் என்றுமே வராத உப்பு வாடையும் சுவரில் ஊறியிருந்தன; ஜன்னல் கம்பியின் நிழல் தண்ணீர் மேல் அசைந்தபடி இருக்க, கப்பல் மட்டும் அசையாமல் நின்றது.

குழவியை ஓங்கினாள்.

டொக்.

உள்ளிருந்து. மூடிக்குக் கீழிருந்து.

டொக். டொக்.

குழவியைக் கீழே வைத்தாள். எந்தத் தாயாலும் அதற்கு மேல் முடிந்திருக்காது. கொண்டை ஊசியால் தாழை நெம்பி, மூடியைத் தூக்கி, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டாள்.

"வாசு."

ஏதோ ஒன்று விரலைப் பற்றியது. சில்லென்று. சின்னக் கை, எறும்புக் கடி போல.

இழுத்தாள். வரவில்லை.

கப்பல் முங்கத் தொடங்கியது. மணிக்கட்டு நனைந்தது. முழங்கை. அவள் முழங்கால் உயரம்கூட இல்லாத தொட்டி அது. தோள் வரை போயிற்று. அடி தட்டவில்லை.

"ஏங்க."

பின்னால் அவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. உள்ளங்கையை அவள் முதுகில் வைத்தார்.

"விட்டுடாதே கிரிஜா. பிடிச்சுக்கட்டும்."

கை அழுத்தியது.

கன்னம் தண்ணீரைத் தொட்டது. கீழே, இருட்டில், விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கையைப் பிடித்து ஏறின. இப்போது அவை சின்ன விரல்களாக இல்லை.