ஒட்டுசுட்டான் வீதியில் நின்ற கார்

போனெட்டைத் தூக்கி எஞ்சினில் கையை வைத்த நிருஷன் கையை எடுக்கவில்லை. விமலேஸ்வரிக்கு முதலில் வித்தியாசமாகப் பட்டது அதுதான். வவுனியாவில் இருந்து ஒன்றேகால் மணித்தியாலம் இடைவிடாமல் ஓடி வந்த கார். தார் இளகி டயரில் ஒட்டுகிற சித்திரை வெயில். அவன் "ஆ" என்று கையை உதறியிருக்க வேண்டும். ஆனால் பசுவின் வயிற்றில் கன்று அசைகிறதா என்று பார்க்கிறவன் போல, உள்ளங்கையைப் பதித்தபடி அசையாமல் நின்றான்.

"அக்கா, இஞ்ச வந்து ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ."

அவள் தொட்டாள். ஐஸ் பெட்டிக்குள் இருந்து எடுத்த மீனின் முதுகு மாதிரி இரும்பு சில்லிட்டுக் கிடந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குளிர் நகக்கண்ணில் நின்றது.

"இப்பதானே ஓடி வந்தது. எப்பிடியடா?"

"எனக்கும் விளங்கேல்லை. தண்ணி கிடக்கு, எண்ணெய் கிடக்கு, பெல்ட் அறேல்லை. கோனை அமத்தினாலும் சத்தமில்லை. பற்றரி முழுக்கச் செத்துப்போச்சு."

கார் நின்ற விதமும் சரியில்லை. இருமவில்லை, குலுங்கவில்லை, புகை கக்கவில்லை. நெடுங்கேணிச் சந்தி தாண்டி ஐந்தாறு கிலோமீற்றர் வந்திருப்பார்கள். பாலையும் முதிரையுமாக இரண்டு பக்கமும் காடு நெருங்கி வருகிற இடத்தில், கதைத்துக்கொண்டிருக்கிறவரின் வாயை யாரோ பொத்தியது போல எஞ்சின் சத்தம் அப்படியே அற்றுப்போனது. வந்த வேகத்தில் கொஞ்சத் தூரம் தானாக உருண்டு, ஒரு பெரிய பாலை மரத்துக்குக் கீழே கார் ஓய்ந்தது.

விமலேஸ்வரியின் கணவன் பாலனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது என்று டொக்டர் சொன்ன மாதத்தில் வாங்கிய கார் அது. யப்பானில் யாரோ ஓடி, கொழும்பில் யாரோ ஓடி, பிறகு வவுனியாவில் ஒரு ஆசிரியர் குடும்பம் ஓடி, நாலாவது கையாக முத்தையன்கட்டுக்கு வந்து சேர்ந்தது. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அந்த உடம்பை பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாது. விமலேஸ்வரியின் தம்பி நிருஷன்தான் ஓட்டுவான். ஒரு வருடமாக ஒருநாளும் அது வழியில் விட்டதில்லை.

பாலன் பின்சீற்றில் தலையணையை அணைத்துச் சாய்ந்து கிடந்தார். சுத்திகரித்து வருகிற நாட்களில் அவர் பிழிந்து கொடியில் போட்ட சாரம் மாதிரித்தான் இருப்பார். கார் நின்றதும் அவருக்குத் தெரியாது.

கைபேசியில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. கால் மணித்தியாலம் கழித்து, மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்தது. ஊர் ஊராக மீன் விற்கிற பக்கீர் நானா. நிருஷனுக்குத் தெரிந்த மனிதர். அவர் ஒரு காலை ஊன்றி, காரை ஒருமுறை பார்த்தார், மரத்தை ஒருமுறை பார்த்தார்.

"இதிலயோ தம்பி நிண்டது?" என்றார். பிறகு, "ஏறும், நெடுங்கேணியில விடுறன்" என்றார்.

நிருஷன் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். "அக்கா, அரை மணித்தியாலம். கராஜ்காரரைக் கூட்டிக்கொண்டு வாறன். அத்தானுக்குக் கதவைத் திறந்து விடுங்கோ, காத்து வரட்டும்."

மோட்டார் சைக்கிளின் சத்தம் வளைவில் தேய்ந்து மறைந்தது.

அதன் பிறகுதான் காட்டின் சத்தம் அவளுக்குக் கேட்டது. சில்வண்டுகள் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருந்தன. எங்கோ உள்ளே காய்ந்த சருகில் உடும்பு ஒன்று நடப்பது மாதிரி சரசரப்பு. மீன் பெட்டி விட்டுப்போன கவிச்சியும், வெந்த தாரின் மணமும், அவற்றுக்குக் கீழே, மழை பெய்து பல நாள் மூடிக் கிடந்த அறையைத் திறந்தால் வருகிற ஈர மணம் ஒன்றும். மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது. அவள் பின்கதவைத் திறந்து கணவனின் காலடியில் அமர்ந்துகொண்டாள்.

அவருடைய இடது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். மணிக்கட்டுக்கு மேலே, இரத்தம் எடுப்பதற்காக இரண்டு நாளங்களைச் சேர்த்துத் தைத்திருந்த இடம் கயிறு முறுக்கின மாதிரிப் புடைத்திருக்கும். அதில் விரலை வைத்தால் உள்ளே ஒரு இரைச்சல் ஓடுவது தெரியும். நின்றுவிட்டால் உடனே கொண்டு வரவேண்டும் என்று ஆஸ்பத்திரித் தாதி சொல்லிக் கொடுத்திருந்தாள். விமலேஸ்வரி காலையில் முகம் கழுவமுன் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். இப்போதும் இரைந்துகொண்டிருந்தது.

"விமலா."

"என்னப்பா? தண்ணி வேணுமே?"

அவருக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் தண்ணீர் கூடாது. அவள் போத்தல் மூடியில் ஊற்றி நாக்கை நனைத்தாள். அவர் அதை விழுங்கவில்லை, கடைவாயால் வழிந்தது.

"குளிருது" என்றார். "கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லும்."

"ஆரை?"

"பக்கத்தில. நெருக்குகினம்."

சீற்றின் மறுபக்கத்தில் மருந்துப் பையும் மகளுக்கு வாங்கிய மாம்பழங்களும்தான் இருந்தன. அவள் அவற்றை எடுத்து முன்சீற்றில் போட்டாள். "இப்ப சரியோ?" என்றாள். அவர் தலையைத் திருப்பி, வெறும் சீற்றை, அறிமுகமில்லாதவர்களுடன் பஸ்ஸில் இருக்கிற மனிதர் போல ஒரு சங்கடத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில்வண்டுகள் நின்றன.

எல்லாம் ஒரே நேரத்தில். அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். இலை அசையவில்லை. நிழல்கள் வீதிக்குக் குறுக்கே நீண்டிருந்தன. திரும்பவும் கணவனைப் பார்த்தபோது அவருடைய வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"இஞ்சாருங்கோ."

விரலை அழுத்தினாள். இரைச்சல் மெலிந்திருந்தது. நூலாக. பிறகு விட்டு விட்டு. பிறகு இல்லை.

"இஞ்சாருங்கோ! என்னப்பா! கண்ணைத் திறவுங்கோ!"

கன்னத்தில் தட்டினாள். நெஞ்சை அமத்தினாள். மூக்கில் கையை வைத்தாள். திரும்பவும் அமத்தினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோள் விட்டுப்போகும் வரைக்கும். அவருடைய கண் அரைவாசி திறந்தபடி நின்றது; அதன்மேல் ஒரு சிற்றெறும்பு ஏறியது. இமை அசையவில்லை. அப்போது அவளுக்கு விளங்கிவிட்டது.

நடு வீதிக்கு ஓடினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். வெறும் தார்.

"ஆராவது வாங்கோ!" என்று கத்தினாள். "ஆரெண்டாலும் பரவாயில்லை! இந்த மனிசனை வீட்டை கொண்டுபோய்ச் சேருங்கோ! ஆரெண்டாலும் வாங்கோ!"

குரல் திரும்பி வரவில்லை. இரண்டு பக்கக் காடும் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. சருகில் சரசரப்பு. இந்தப் பக்கம். பிறகு அந்தப் பக்கமும். உடும்பு அவ்வளவு தொகையாக நடக்காது. அவளுடைய கால்களைக் கடந்து குளிர் ஒன்று போனது. முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கும்போது மற்றவர்கள் பக்கத்தால் நடந்துபோனால் தண்ணீர் தட்டுமே, அப்படி.

எஞ்சின் ஸ்டார்ட் ஆனது.

அவள் திரும்பினாள். முன்சீற்றில் ஆள் இல்லை. சாவித் துளை வெறுமையாக இருந்தது. கார் புதுக் கார் போலச் சத்தமில்லாமல் இயங்கிக்கொண்டு நின்றது.

பின்சீற்றில் பாலன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"விமலேஸ்வரி" என்றார். "வாரும். வீட்டை போவம்."

கலியாணம் கட்டிய பதினாறு வருடத்தில் அவர் அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யுத்தம் முடிந்து இருந்த அகதி முகாமில் பதிவுக்காரர் பட்டியலில் இருந்து பெயர் வாசிப்பது மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் சரியாகச் சொன்னார்.

நிருஷனும் கராஜ்காரரும் வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. "அட, ஓடுதே!" என்று நிருஷன் சந்தோசமாகத்தான் இறங்கினான். ஐம்பது வயது மதிக்கத்தக்க கராஜ்காரர் முன்கதவால் குனிந்து சாவித் துளையைப் பார்த்தார். நிருஷன் பையில் இருந்து எடுத்த சாவியைப் பார்த்தார். பிறகு பின்சீற்றில் இருந்தவரைப் பார்த்தார். பாலன் அவரைப் பார்த்துச் சிரித்தார். கராஜ்காரர் கொண்டுவந்த கருவிப் பையைத் திறக்கவே இல்லை. "நேரத்தோட போங்கோ" என்று மட்டும் சொல்லி, மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"வயர் எங்கையோ ஷோர்ட் ஆகியிருக்கு" என்றான் நிருஷன் ஓட்டியபடி. "அத்தான் நல்லாத் தெளிஞ்சிட்டார், என்னக்கா? முகத்தைப் பாருங்கோவன்."

"ஓம்" என்றாள் விமலேஸ்வரி.

பிழையாகப் பார்த்துவிட்டேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். மயக்கம். பிரஷர் இறங்கினால் அப்படித்தான் வரும் என்று தாதியும் சொன்னவள்தானே. நெஞ்சு அதை நம்பத் தவித்தது. அவர் வேண்டும் அவளுக்கு, எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்பா வேண்டும். ஒட்டுசுட்டான் வரும் வரைக்கும் அந்தக் கையைத் தொடாமல் வந்தாள். பிறகு தாங்க முடியாமல் மெல்ல விரலை வைத்தாள்.

அங்கே ஒன்றும் ஓடவில்லை.

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். விலக்கவில்லை. மற்றக் கையால் அவளுடைய விரல்களின் மேல் பொத்தி, அழுத்தி, அங்கேயே வைத்துக்கொண்டார். எஞ்சினில் தொட்ட அதே குளிர். வீடு வரைக்கும் அவர் மூச்சு விடுவதை அவள் காணவில்லை; கதைக்கும்போது மட்டும் நெஞ்சு ஒருதரம் உயர்ந்தது.

வீட்டில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். பாலன் தானாக இறங்கி, தானாக நடந்தார். மகள் வினோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கமலாசனி கன்னத்தில் கையை வைத்தாள். "மருந்து பிடிச்சிட்டுது, விமலா. இனி ஒண்டுக்கும் யோசியாதையும்." அவள் போனாள். நிருஷனும் தன்னுடைய சைக்கிளில் வீட்டுக்குப் போனான். அவனை மறித்து நிறுத்தச் சொல்வதற்கு விமலேஸ்வரிக்கு ஒரு சாட்டும் கிடைக்கவில்லை. என்னவென்று சொல்வது? உன்ர அத்தான் செத்துப்போனார், உள்ளுக்கை இருக்கிறார் என்றா?

பாலன் கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீரை அப்படியே தூக்கிக் குடித்தார். மூச்சு வாங்காமல். பிறகு இன்னொரு வாளி. வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். வினோஜா ஓடிப்போய் மடியில் ஏறி, நெஞ்சில் சாய்ந்துகொண்டாள்.

விமலேஸ்வரி அடுப்படி வாசலில் நின்றாள். வெளியே கருகல் நேரம். முற்றத்தில் நின்ற காரின் வெள்ளை மட்டும் தெரிந்தது.

"அம்மா" என்றாள் பிள்ளை. "அப்பாக்கு உள்ளுக்கை ஆரோ கதைக்கினம்."

"இறங்கு பிள்ளை. அப்பாவுக்குக் களைப்பு. இஞ்ச வா."

"பொறுங்கோ." காதை இன்னும் அழுத்தி வைத்தாள். நெற்றி சுருங்கியது. பிறகு, "ஓம்" என்றாள். அது அம்மாவுக்குச் சொன்னதல்ல. "ஓம். இதுதான் எங்கட வீடு."

பாலன் மகளின் தலையைத் தடவினார். மெதுவாக. ஒரே இடத்தை.

"வினோஜா, வா எண்டு சொன்னனான்!"

"அம்மா, வரட்டோ எண்டு கேக்கினம். நீங்கள்தானாம் கூப்பிட்டது."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பிள்ளை அவளுடைய முகத்தைப் பார்த்து, அம்மா ஓம் என்று சொல்லிவிட்டா என்று எடுத்துக்கொண்டாள். விருந்தாட்களைக் கூப்பிட அவளுக்குப் பழக்கியிருந்தது.

"வாங்கோ" என்றாள்.

முற்றத்தில் காரின் பின்கதவு திறந்தது.

கார் ஒருபக்கமாகச் சரிந்து, நிமிர்ந்தது. பாரம் ஒன்று இறங்கியது மாதிரி. திரும்பவும் சரிந்து, நிமிர்ந்தது. மற்றப் பக்கக் கதவு திறந்தது. சரிந்து நிமிர்ந்தது. நாலு. ஐந்து. அந்தக் காரில் ஐந்து பேருக்கு மேல் இருக்க முடியாது. ஆறு. ஏழு. முற்றத்து மணலில் வீட்டுப் படி வரைக்கும் காலடிகள் மெல்ல மெல்லப் பதிந்துகொண்டு வந்தன.

பதினெட்டு வரைக்கும் அவள் எண்ணினாள்.

கார் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.